ஆக்கியோன் பெயரில்லாத திசைகாட்டி

உள்ளங்கையை மூடினால் உள்ளே மறைந்துவிடும் அளவே உடைய ஒரு கறுப்பு வட்டச் சிமிழ். மேலே சாளரக் கண்ணாடியிலிருந்து வெட்டிய மூடி. உள்ளே, திசைகள் வரையப்பட்ட தாள்வட்டம். அதன் நடுவே ஒரு முனையில் நின்று நடுங்கும் தையலூசித் துண்டு. சிமிழைப் புரட்டினால், அடியில் ஒரு பொறிப்பு. இது ஸ்டாலாக் லுஃப்ட் மூன்றில் செய்யப்பட்டது என்றும், இதன் காப்புரிமை நிலுவையில் உள்ளது என்றும் அப்பொறிப்பு கூறும். இரண்டாம் உலகப்போரின் நினைவுப்பொருள்களுள் பீரங்கியும் பதக்கமும் கொடியும் எத்தனையோ உண்டு. அவற்றையெல்லாம் விட இந்தச் சிறு சிமிழ் என் மனத்தை ஈர்த்ததற்குக் காரணம் அதன் அடியிலுள்ள அந்தப் பொறிப்புத்தான். முதற்பார்வைக்கு அது வெறும் நகைச்சுவை. ஆனால் அதை எழுதியவர்கள் அதனை ஓர் உயிர்க்காப்பாகவும் எண்ணி எழுதினார்கள்.

ஸ்டாலாக் லுஃப்ட் மூன்று என்பது ஜெர்மானிய விமானப்படை தன் கையில் சிக்கிய எதிரி விமானிகளுக்காக 1942இல் அமைத்த சிறைமுகாம். பெர்லினுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில், சாகான் என்ற ஊரையடுத்த பைன் காட்டை வெட்டித் திருத்தி அதனைக் கட்டினார்கள். அவ்வூர் இன்று போலந்தில் ஜாகான் என்ற பெயரோடு இருக்கிறது. இடத்தேர்விலேயே ஒரு சூழ்ச்சி இருந்தது. மேல்மண் சாம்பல் நிறம். அடிமண்ணோ மஞ்சள் மணல். எவனாவது சுரங்கம் தோண்டினால் வெளியே கொட்டும் மண்ணே அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். குடில்களைத் தரையோடு ஒட்டாமல் தூக்கிக் கட்டினார்கள். நிலத்தின் அதிர்வைக் கேட்கும் ஒலிவாங்கிகளை மண்ணுக்குள் புதைத்தார்கள். முகாமுக்குள் எந்நேரமும் சுற்றித் திரிந்து மூலைமுடுக்கெல்லாம் துருவும் காவலர்களுக்கு, வளைக்குள் நுழைந்து வேட்டையாடும் கீரியினத்து விலங்கு ஒன்றின் பெயரைக் கைதிகள் சூட்டியிருந்தார்கள்.

இத்தனைக்கும் நடுவேதான் அந்தத் திசைகாட்டித் தொழிற்சாலை நடந்தது. தொழிற்சாலை என்ற சொல்லைக் கேலியாகச் சொல்லவில்லை. 1943இல் வடக்கு வளாகம் திறக்கப்பட்டதும், அங்கே தப்பிப்புக் குழுவின் தலைவராக ரோஜர் புஷெல் பொறுப்பேற்றார். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, இங்கிலாந்தில் வழக்குரைஞராய் இருந்து, போர்விமானப் படையணி ஒன்றின் தலைவராகி, 1940 மே மாதத்தில் சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டவர். ஒருவர் இருவர் தப்புவதில் அவருக்கு ஆர்வமில்லை. இருநூறு பேர் ஓரிரவில் வெளியேற வேண்டும் என்றார். அதற்கு மூன்று சுரங்கங்கள். டாம், டிக், ஹாரி என்று பெயர். நம்மூரில் குப்பன், சுப்பன் என்கிறோமே, அந்த மாதிரி. சுரங்கம் என்ற சொல்லையே எவரும் வாயெடுத்துச் சொல்லக்கூடாது என்பது புஷெலின் ஆணை.

இருநூறு பேர் வெளியேறினால் இருநூறு பேருக்கும் உடை வேண்டும், ஆவணம் வேண்டும், வரைபடம் வேண்டும், திசை அறியக் கருவி வேண்டும். ஆகவே ஒவ்வொரு கலைக்கும் ஒரு துறை. போலி ஆவணங்களுக்கு டிம் வாலென், வரைபடங்களுக்கு டெஸ் பிளங்கெட், தையலுக்கு டாமி கெஸ்ட். திசைகாட்டிகளுக்கு ஆல்பர்ட் ஹேக். முகாமில் அவரை ஆல் என்று அழைத்தார்கள்.

ஹேக் 1916இல் சிட்னியில் பிறந்தவர். ஆஸ்திரேலிய விமானப்படையில் சேர்ந்து, மனைவியை ஊரில் விட்டுவிட்டு இங்கிலாந்து சென்று, 72ஆம் படையணியில் ஸ்பிட்ஃபயர் ஓட்டியவர். 1942 ஏப்ரலில் பிரான்சின் மேல் அவருடைய விமானம் வீழ்ந்தது. போர்விமானிகளைப் பற்றிய நூல்கள் எத்தனை விமானங்களை வீழ்த்தினார் என்ற கணக்கில்தான் ஒருவரை அளக்கும். ஹேக் அந்தக் கணக்கில் பெரிய இடம் பெற்றவரல்லர். அவருடைய பெயரை நிலைநிறுத்தியது சிறையில் அவர் செய்த கைவேலை.

அந்த வேலையை விரித்துச் சொல்லவேண்டும். ஏனெனில் இதன் சுவையே அங்குதான் இருக்கிறது. சிமிழுக்கு மூலப்பொருள் உடைந்த கிராமபோன் இசைத்தட்டுகள். தட்டைத் துண்டுகளாக்கிச் சூடேற்றினால் மாவுபோல் இளகும். அதை அச்சில் வைத்து அழுத்தினால் சிமிழ். அடியின் நடுவே கிராமபோன் ஊசி ஒன்று. அதுவே சுழலும் முனை. திசைகாட்டும் ஊசிக்குத் தையலூசித் துண்டு; காந்தத்தில் திரும்பத் திரும்ப ஒரே போக்கில் தேய்த்து அதற்குக் காந்தமேற்றுவார்கள். அந்த ஊசியின் நடுவில், முனைமேல் அமர்வதற்கு ஒரு சிறு குழிவு பற்றவைக்கப்பட வேண்டும். பற்றாசுக்கு எங்கே போவது? மாட்டிறைச்சி டப்பாக்களின் ஓர மூட்டுகளை உருக்கி ஈயம் எடுத்தார்கள். பற்றவைப்புக்குத் துணைநிற்கும் பிசினை, குடில் கட்டிய பைன் பலகைகளிலிருந்தே சுரண்டி எடுத்தார்கள். சிறைச்சுவரே பிசின் சுரந்தது என்று சொல்லலாம். கடைசியாகக் கண்ணாடி. உடைந்த சாளரத்திலிருந்து எடுப்பார்கள். உடைந்த சாளரம் இல்லாவிட்டால் ஒன்றை உடைப்பார்கள். கொழுப்பில் எரியும் விளக்கின் சுடரை, டப்பாத் தகட்டைச் சுருட்டிச் செய்த குழலால் ஊதி, அந்த நாக்கைச் சிமிழின் விளிம்பைச் சுற்றி ஓடவிட்டு, விளிம்பு இளகும் தருணத்தில் கண்ணாடியை அழுத்திவிட்டால் நீர்புகாமல் இறுகிக்கொள்ளும். நம்மூர்ப் பொற்கொல்லர் ஊதுகுழலோடு உட்கார்ந்திருக்கும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டிய தேவையில்லை.

இந்தச் செய்முறையை நமக்குச் சொல்லிவைத்தவர் பால் பிரிக்ஹில். அவரும் ஆஸ்திரேலியர், அவரும் போர்விமானி, 1943இல் துனிசியாவில் வீழ்ந்து அதே முகாமுக்கு வந்தவர். குறுகிய இடத்தில் அவருக்கு ஏற்படும் அச்சத்தால் சுரங்கத்துக்குள் போகும் வாய்ப்பை இழந்தார். இழந்ததால் உயிர் பிழைத்திருக்கவும் கூடும். 1950இல் வெளிவந்த அவருடைய நூலே பின்னாளில் வந்த எல்லாவற்றுக்கும் ஊற்று. 1963இல் வந்த திரைப்படத்தில் அமெரிக்க வீரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வேலி தாண்டுவாரே, அது முழுக்கற்பனை. உண்மையில் அந்த இரவில் வெளியேறியோரில் அமெரிக்கப் படையினர் எவருமில்லை. அவர்களை 1943இலேயே வேறு வளாகத்துக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். வகுப்பில் எப்போதேனும் இப்பேச்சு எழும்போது, மாணவர்கள் அந்த மோட்டார் சைக்கிளை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் என்னோடு வாதிடுவதுண்டு.

இங்கே ஒரு சிறு திருத்தம் சொல்ல விரும்புகிறேன். பல நூல்கள் இச்சிமிழ்கள் பேக்கலைட்டால் ஆனவை என்று எழுதிச் செல்கின்றன. பேக்கலைட் ஒருமுறை இறுகிய பின் மீண்டும் சூட்டுக்கு இளகாது. அன்றைய இசைத்தட்டுகள் பெரும்பாலும் அரக்கில் கல்தூளும் கரியும் கலந்து வார்க்கப்பட்டவை. சூட்டுக்கு இளகி, அச்சில் அடங்கி, விளிம்பில் கண்ணாடியைப் பற்றிக்கொண்டது அரக்காகவே இருந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. அந்நாளில் உலகச் சந்தைக்குச் சென்ற அரக்கின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து, சோட்டா நாக்பூர்க் காடுகளிலும் அவற்றைச் சூழ்ந்த பகுதிகளிலும் பூச்சிகள் மரக்கிளைகளில் சுரந்து வைத்ததைச் சுரண்டி எடுத்து, கல்கத்தாத் துறைமுகம் வழியே அனுப்பப்பட்டது. நம் காட்டுக் குடிமக்கள் கொம்பிலிருந்து சுரண்டிய அரக்கு, ஐரோப்பாவில் பாட்டாகிச் சுழன்று, உடைந்து, சிறையில் உருகித் திசைகாட்டியாயிற்று என்று நினைத்துப் பார்க்கலாம். அரக்கும் சுரங்கமும் தப்பிப்பும் ஒருசேர வரும்போது வாரணாவதத்து அரக்கு மாளிகை நினைவுக்கு வராத தமிழாசிரியன் இருக்கமுடியாது. பாண்டவருக்குச் சுரங்கம் தோண்டித் தர விதுரன் ஆள் அனுப்பினான். சாகானில் இருந்தவர்களுக்குத் தங்கள் கைகளே விதுரன்.

இனி அந்தப் பொறிப்புக்கு வருவோம். முகாமின் பெயரை ஏன் பொறிக்க வேண்டும்? தப்பியோடுபவன் எங்கிருந்து வந்தான் என்பதை மறைப்பதுதானே முறை? காரணம் இருந்தது. தப்புகிறவர்கள் குடிமக்கள் உடையில், போலி ஆவணங்களோடு நாட்டுக்குள் நடமாடப் போகிறார்கள். பிடிபட்டால், பகைநாட்டு உளவாளி என்று சொல்லிக் கொன்றுவிட முடியும். பிடிபட்டவன் உளவாளியல்லன், சிறைமுகாமிலிருந்து தப்பிய போர்க்கைதி மட்டுமே என்பதற்கு இந்தச் சிமிழ் கையிலுள்ள சான்றாகும் என்று கருதினார்கள். போர்க்கைதிகள் பற்றிய 1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையில் ஜெர்மனியும் கையொப்பமிட்டிருந்தது. தப்பிப் பிடிபட்ட கைதிக்கு ஒழுங்கு நடவடிக்கை அன்றி வேறு தண்டனை கூடாது என்பதும், அத்தகைய காவல் 30 நாள்களுக்கு மேல் போகக்கூடாது என்பதும் அதன் விதிகள். அதுவரை நடைமுறையும் ஏறத்தாழ அப்படியே இருந்தது. பிடிபட்டவன் தனியறையில் சில வாரம் கிடந்து, வெளியே வந்து, அடுத்த சுரங்கத்துக்கு ஆள் சேர்ப்பான். அடியிற் பொறித்த ஊர்ப்பெயர், ஆகவே, சட்டத்தின்மேல் வைத்த நம்பிக்கை. காப்புரிமை நிலுவை என்ற சேர்க்கை, சிறுவர்களின் குறும்பு. அவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தவர்கள் என்பதை மறக்கலாகாது.

பாயிரத்தில் என்னென்ன சொல்லப்பட வேண்டும் என்று நன்னூல் ஒரு நிரல் தருகிறது. அதில் முதலாவது ஆக்கியோன் பெயர். காலம், களம், காரணம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்வோர் உண்டு. இந்தச் சிமிழில் களம் மட்டுமே இருக்கிறது. ஆக்கியோன் தன் பெயரைப் பொறிக்கவில்லை. பொறிக்க முடியாது, பிடிபட்டால் அடுத்த நாளே தொழிற்சாலை போய்விடும்.

1944 மார்ச் 24ஆம் நாள் இரவு. டாம் முந்தைய செப்டம்பரிலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. டிக், மண் கொட்டும் கிடங்காகிவிட்டது. எஞ்சிய ஹாரி, 104ஆம் குடிலின் அடுப்புக்குக் கீழே தொடங்கி, ஒன்பது மீட்டர் ஆழத்தில், நூறு மீட்டருக்கு மேல் நீண்டு, வேலிக்கு அப்பால் வாய்திறந்தது. காட்டுக்குள் அன்று; காட்டுக்குச் சற்று முன்னாலேயே. அளவு பிசகிவிட்டது. காவல் கோபுரத்தின் பார்வைக்குள் ஒவ்வொருவராய்த் தவழ்ந்து போக வேண்டியதாயிற்று. நடுவே பெர்லின் மீது குண்டுவீச்சு, முகாமில் விளக்குகள் அணைந்தன, சுரங்கத்துக்குள்ளும் இருள். விடியுமுன் 76 பேர் போயிருந்தார்கள். எழுபத்தேழாமவர் வெளியே வரும்போது காவலன் கண்ணில் பட்டார்.

தப்பியவர்கள் இருவகை. மொழி தெரிந்தவர்கள், நல்ல ஆவணம் உடையவர்கள் இரயிலேறிச் சென்றார்கள். மற்றவர்கள் நடந்தே செல்ல வேண்டியவர்கள். பகலில் காட்டில் ஒளிந்து, இரவில் திசைகாட்டியைப் பார்த்து நடப்பது அவர்களுடைய திட்டம். ஹேக்கும் நடந்தவர்களுள் ஒருவர். அந்த மார்ச்சில் பனி கடுமை. காட்டுக்குள் முழங்காலளவுக்குப் பனி கிடந்ததால் நடக்க முடியாமல் சாலைக்கு வந்தார்கள். சாலையில் நடப்பவனுக்குத் திசைகாட்டி எதற்கு? சாலையில் காவலர்கள் இருந்தார்கள். சில நாள்களுக்குள் ஏறத்தாழ எல்லோரும் பிடிபட்டுவிட்டார்கள். இறுதிவரை தப்பியவர்கள் மூவரே: நார்வே நாட்டினரான பெர் பெர்க்ஸ்லாண்ட், யென்ஸ் முல்லர், டச்சுக்காரரான பிராம் வான் டெர் ஸ்டாக். மூவரும் இரயிலேறிச் சென்றவர்கள். ஹேக் செய்த திசைகாட்டிகளுள் ஒன்றேனும் ஒருவரை ஊசிமுனையால் வழிநடத்தி நாடு கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. கசப்பான இந்த உண்மையை வீரக்கதையாக எழுதுவோர் தவிர்த்துவிடுகிறார்கள்.

ஹேக் பிடிபட்டபோது அவர் கால்கள் பனியால் கெட்டுப்போயிருந்தன. கொர்லிட்ஸ் நகரச் சிறையில் அடைத்தார்கள். அங்கே நடந்த விசாரணைகளில், குடிமக்கள் உடையில் இருந்ததால் தங்களை உளவாளிகளாக நடத்த முடியும் என்று மிரட்டினார்கள் எனப் பிழைத்து வந்தோர் பின்னர் கூறினர். எந்த ஐயத்தைப் போக்கச் சிமிழில் ஊர்ப்பெயர் பொறித்தார்களோ, அந்த ஐயம் உண்மையில் எவருக்கும் இல்லை. இவர்கள் யார், எந்த முகாமிலிருந்து வந்தார்கள் என்பது பெர்லின்வரை தெரியும். தப்பிய செய்தி எட்டியதும் பிடிபட்ட அனைவரையும் சுட்டுவிடும்படி ஹிட்லர் சொன்னார். சுற்றியிருந்தவர்கள் எடுத்துச் சொன்னபின், பாதிக்கு மேல் என்று தணிந்தது. குற்றவியல் காவல்துறைத் தலைவர் ஆர்தர் நேபே கைதிகளின் அட்டைகளை மேசையில் பரப்பி ஐம்பது பெயர்களைத் தெரிவு செய்தார். வயதையும் குடும்பத்தையும் பார்த்துச் சிலரை ஒதுக்கி வைத்தார் என்று பின்னாளில் சாட்சியம் வந்தது.

மார்ச் மாதக் கடைசியில் கொர்லிட்ஸ் சிறையிலிருந்து ஹேக்கையும் வேறு சிலரையும் வண்டியில் ஏற்றிச் சென்றார்கள். அவர்களுள் நியூசிலாந்தின் மாவோரி இனத்தவரான ஜானி போஹேயும் ஒருவர். அவருக்கும் பனியால் கால் கெட்டிருந்தது. நடக்கவே இயலாத இருவர் ஓடித் தப்ப முயன்றார்கள், அதனால் சுட்டோம் என்று ஏட்டில் எழுதினார்கள். ஐம்பது பேருக்கும் ஏறக்குறைய இதே வாசகம். புஷெலும் அந்த ஐம்பதில் அடக்கம்.

ஏப்ரல் 6ஆம் நாள் புதிய முகாம் தலைவர், கைதிகளின் மூத்த அதிகாரி ஹெர்பர்ட் மாசியை அழைத்து 41 பேர் சுடப்பட்டதாக அறிவித்தார். காயம்பட்டவர்கள் எத்தனை பேர் என்று மாசி கேட்டார். ஒருவருமில்லை என்று விடை வந்தது. இந்த நிகழ்ச்சியைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்கள் ஆயிரம் இருக்கும்; அந்தக் கேள்விக்கும் விடைக்கும் மேல் எதுவும் சொல்லிவிடவில்லை என்றே எனக்குத் தோன்றும். பின்னர் வந்த பட்டியலில் 47 பெயர்கள். பிறகு மேலும் மூன்று. மே 19ஆம் நாள் ஆண்டனி ஈடன் இலண்டன் நாடாளுமன்றத்தில் செய்தியை வெளியிட்டார். குற்றவாளிகளைத் தண்டித்தே தீர்வோம் என்று ஜூனில் உறுதியளித்தார்.

அந்த உறுதி ஓரளவுக்கு நிறைவேறியது. போர் முடிந்தபின் பிரிட்டிஷ் விமானப்படையின் புலனாய்வாளர்கள் சிதைந்த ஜெர்மனியில் ஊர் ஊராகத் தேடினார்கள். ஹாம்பர்கில் 1947இல் 18 பேர் மேல் வழக்கு நடந்தது. 1948 பிப்ரவரியில் 13 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். நேபே அதில் இல்லை. ஹிட்லரைக் கொல்ல நடந்த சூழ்ச்சியில் தொடர்புடையவர் என்று 1945 மார்ச்சிலேயே அவரை அவருடைய அரசே கொன்றுவிட்டது.

1945 சனவரி இறுதியில் சோவியத் படைகள் நெருங்கியபோது, முகாமில் இருந்தவர்களை இரவோடிரவாகப் பனியில் மேற்கு நோக்கி நடக்கவைத்தார்கள். சுமக்க முடியாதவற்றை வழியெல்லாம் வீசிவிட்டு நடந்தார்கள். திசைகாட்டி கனமில்லாதது. அன்று சட்டைப்பையில் கிடந்தவையும் எப்படியோ ஊர் வந்து சேர்ந்தவையுமே இன்று போர் அருங்காட்சியகங்களின் கண்ணாடிப் பேழைகளில் இருக்கின்றன.

ஹேக்கும் மற்றவர்களும் முகாமுக்குத் திரும்பி வந்தது கலசங்களில். உடல்களை எரித்துச் சாம்பலை அனுப்பினார்கள். கொலைக்கான தடயம் ஒன்றும் எஞ்சக்கூடாது என்பது நோக்கம். ஆனால் அலுவலக ஒழுங்கு அவர்களை விடவில்லை: எரியூட்டிய ஊரின் பெயரைக் கலசங்களின் மேல் பொறித்து அனுப்பியிருந்தார்கள். எந்தக் கைதி எந்த ஊர்க் காவலரின் கையில் மாண்டார் என்று புலனாய்வாளர்கள் தேடத் தொடங்கியபோது, அந்த ஊர்ப்பெயர்களிலிருந்தே தொடங்கினார்கள். கைதிகள் தாங்களே முகாமையடுத்துக் கல்லால் ஒரு நினைவிடம் எழுப்பிக் கலசங்களை வைத்தார்கள். அந்தக் கல் சாகானில் இன்றும் நிற்கிறது. சாம்பல் போருக்குப் பின் போஸ்னான் நகரின் பழைய படைவீரர் கல்லறைக்கு மாற்றப்பட்டது. அங்கே ஹேக்கின் பெயர் கல்லில் இருக்கிறது.